மேடைக்கும் கேமராவுக்கும் ஒரே நடிகர்: டர்பன்காரர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மேடையை மட்டும் நம்பியோ தொலைக்காட்சித் தொடரை மட்டும் நம்பியோ ஆண்டு முழுக்கப் பிழைப்பது கடினம். இரண்டும் கைவர வேண்டுமென்றால் முதலில் பழக வேண்டியது குரலையும் நடிப்பையும் இடத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் அளவு.

ஒன்றரை நிமிட வசனம் ஒன்றை எடுத்து மூன்று அளவில் தயார் செய்யுங்கள். முதலாவது டர்பனின் நாடகக் கட்டடமான பிளேஹவுஸின் ஓபெரா அரங்குக்கு: ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள், கடைசி வரிசைக்கும் சொல்லின் கடைசி எழுத்து விழ வேண்டும். இரண்டாவது அதே கட்டடத்தின் லாஃப்ட் போன்ற சிறிய அரங்குக்கு. மூன்றாவது குளோசப்புக்கு, அங்கே இரண்டடி தள்ளி நிற்பவரிடம் பேசும் குரல் போதும். சத்தத்தைக் குறைக்கும்போது மூச்சையும் சேர்த்துக் குறைப்பதுதான் மேடைக்காரர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை. குரல் கிசுகிசுப்பாகிவிடும், உணர்ச்சியும் வடிந்துவிடும். அடிவயிற்று மூச்சு மூன்றுக்கும் ஒன்றுதான். கூத்து வழி வந்த உரத்த குரலும் துள்ளும் புருவமும் மேடைக்குச் சொத்து. ஆனால் குளோசப்பில் தலை ஒரு சாண் நகர்ந்தாலே முகம் ஃபிரேமைத் தாண்டிவிடும்.

ஆடிஷன் பெரும்பாலும் நீங்களே எடுத்தனுப்பும் வீடியோதான். போனைக் கிடைமட்டமாக, கண் உயரத்தில், ஸ்டாண்டில் பொருத்துங்கள். சுவரிலிருந்து ஒரு மீட்டராவது முன்னால் நின்றால் நிழல் விழாது. பகலில் ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். இரவில் டியூப்லைட் என்றால் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வையுங்கள். தென்னாப்பிரிக்க மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30 ஃபிரேமில் எடுத்தால் படம் சிமிட்டக்கூடும். எதிர்வசனம் வாசிப்பவர் லென்ஸை ஒட்டி நின்று மெதுவாக வாசிக்கட்டும். மைக் அவருக்குத்தான் பக்கம். உரக்கப் படித்தால் காட்சி அவருடையதாகிவிடும். இரண்டு டேக் அனுப்பினால் இரண்டும் வேறுபட்டிருக்கட்டும். ஒரே மாதிரி இரண்டு அனுப்புவது வீண்.

படப்பிடிப்பில் பெரும்பாலும் காட்சி முழுவதையும் தூரத்திலிருந்து காட்டும் வைட் ஷாட் முதலில். எந்தச் சொல்லில் கோப்பையைத் தூக்கினீர்களோ அதே சொல்லில்தான் குளோசப்பிலும் தூக்க வேண்டும்; இல்லையென்றால் எடிட்டர் உங்கள் நல்ல டேக்கைக் கழித்துவிடுவார். எனவே வைடில் கைவேலையைக் குறைத்து, செய்ததை உடனே ஸ்கிரிப்டில் பென்சிலால் குறியுங்கள். காட்சிகள் வரிசை மாறி எடுக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் "இதற்குச் சற்று முன் என்ன நடந்தது" என்று ஒரு வரி எழுதி வையுங்கள். மேடையில் கதை தானாக ஏறிக்கொண்டு போகும். இங்கே அந்த ஏற்றத்தை நீங்கள்தான் நினைவில் சுமக்க வேண்டும்.

டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளின் பேச்சு ஆங்கிலம் நகைச்சுவை வேடத்தை எளிதில் வாங்கித் தரும். அதிலேயே நின்றால் வாழ்நாள் முழுக்கச் சிரிப்பு அங்கிள்தான். வேறு உச்சரிப்பு ஒன்றையும் வைத்திருங்கள். ஜூலு கற்றால் வாசல் அகலும், ஆனால் நாக்கைச் சொடுக்கும் மூன்று ஒலிகளையும் ஜூலு பேசுபவரிடம் நேரில் பழகுங்கள். தமிழ் வசனத்தை ரோமன் எழுத்தில் மனப்பாடம் செய்யாதீர்கள். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். தமிழ் படிக்கத் தெரிந்தவர் குரலைப் பதிவு செய்து கேட்டே பாடம் பண்ணுங்கள்.

பணம்: ஏஜென்ட் கமிஷன் வரி பிடிப்பதற்கு முன்னா பின்னா, மறு ஒளிபரப்புக்குத் தொகை உண்டா, விளம்பரம் என்றால் எத்தனை மாதம், எந்தெந்த நாடு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இடைக்கால வரி செலுத்துபவராக (provisional taxpayer) பதிந்திருந்தால் ஆகஸ்ட் இறுதி, பிப்ரவரி இறுதி என்று இரண்டு தவணை வரும். ஒவ்வொரு சம்பளத்திலும் அதற்கென ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுங்கள். நாடகம் ஓடும் வாரத்தில் படப்பிடிப்பை ஒப்புக்கொள்வதற்கு முன் இரு தரப்புக்கும் தேதிகளை எழுத்தில் கொடுங்கள்: இரவு பத்து மணிக்குத் திரை விழுந்து, விடிகாலை ஐந்துக்கு மேக்கப்பில் உட்காரும் குரல் மூன்றாம் நாள் கரகரத்துவிடும்.