ஆயில் கசிவு ஒயரிங்கைக் கெடுக்காமல் இருக்க

இன்ஜின் ஆயில் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் உடனே ஷார்ட் ஆகாது. ஆனால் ரப்பரையும் ஒயர் உறையையும் நாளடைவில் ஊதவைத்து இளக்கிவிடும். சென்னை வெயிலில், கத்திப்பாரா நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டியில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

முதல் சந்தேகம் டேப்பெட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) பேக்கிங் மேல்தான். ஸ்பார்க் பிளக்குக்கு மேலே உட்காரும் இக்னிஷன் காயிலைக் கழற்றுங்கள். அதன் அடிப்பகுதி ஆயிலில் நனைந்திருந்தால் பிளக் குழியின் சீல் போய்விட்டது. பிளக்கைக் கழற்றும் முன் குழியில் தேங்கியதைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிடுங்கள், இல்லையேல் சிலிண்டருக்குள் இறங்கும். சென்னையின் உதிரிபாகச் சந்தையான ஜி.பி. ரோட்டில் பேக்கிங் வாங்கும்போது குழி சீல்களையும் சேர்த்தே வாங்குங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முடுக்க வேண்டும். பல கார்களில் 8–10 நியூட்டன் மீட்டர் போதும். சரியான அளவு மேனுவலில் இருக்கும். "இன்னும் கொஞ்சம் டைட்" என்று முறுக்கினால் பேக்கிங் பிதுங்கி மறுபடி கசியும். புதிதாகப் போட்டும் கசிகிறதா? இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருக்கலாம்.

பலரும் கவனிக்காதது, ஆயில் அழுத்தம் குறைந்தால் டாஷ்போர்டு விளக்கை எரியவைக்கும் ஆயில் பிரஷர் சுவிட்ச். அது உள்ளே கிழிந்தால் ஆயில் கனெக்டருக்குள் ஏறி, செம்பு இழைகளின் இடுக்கு வழியே ஒயருக்குள்ளேயே ஊர்ந்து போகும். கனெக்டர் உள்ளே ஈரமாக இருந்தால் யோசிக்காமல் சுவிட்சை மாற்றுங்கள்.

சுத்தம் செய்ய, இன்ஜின் ஆறியபின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கனெக்டர்களுக்குக் காண்டாக்ட் கிளீனர் அடியுங்கள். பெட்ரோல் ஊற்றிக் கழுவும் பழக்கம் ஆபத்து. பிசுபிசுத்த டேப்பை உரித்து, உறை இளகிய ஒயரை மாற்றி, நெளிகுழாய் ஸ்லீவ் போட்டு, கசியும் இடத்திலிருந்து தள்ளி கிளிப் போடுங்கள்.