லிமிட் ஸ்விட்ச் அலாரம், பாதியில கெட்டுப்போற கட்டிங்: 3018 சிஎன்சி-ல கோளாற எங்க தேடுறது

வீட்ல டேபிள் மேல வெச்சு ஓட்டுற 3018 மாதிரி சின்ன சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் சொல்றபடி பலகைய செதுக்குறது) வெச்சிருக்கவங்க அதிகமா புலம்புறது ரெண்டு விஷயத்துக்கு. ஓடிட்டு இருக்கும்போதே லிமிட் ஸ்விட்ச்ச (ஓரத்துக்கு வந்துட்டா மெஷின நிறுத்துறது) யாரும் தொடாம அலாரம் வந்து நின்னுடுது, இல்லன்னா கட்டிங் பாதியில இடம் மாறி பலகை வேஸ்ட் ஆயிடுது. உடனே எல்லாரும் கை வெக்கிறது செட்டிங்ஸ்ல தான், அத கடைசிக்கு வெச்சுக்கோங்க. மெஷின் சும்மா நிக்கும்போதே தப்பு வருதா, நகரும்போதா, ஸ்பிண்டில் (பிட்ட சுத்துற மோட்டார்) ஓடும்போதா, பிட் (வெட்டுற முனை) மரத்துல எறங்கின பிறகா, முதல்ல இத பிரிச்சு பாருங்க. கீழ சொல்ற நம்பர் எல்லாம் ஜிஆர்பிஎல் 1.1 (போர்டுக்குள்ள இருந்து மோட்டார ஓட்டுற சாஃப்ட்வேர்) ஓடுற போர்டுக்கு, $ போட்டு நம்பர் வர்றது எல்லாம் அதோட செட்டிங்.

முதல்ல ஸ்விட்ச் உண்மையிலேயே வேலை செய்யுதான்னு பாக்கணும். $21=0 போட்டு ஹார்ட் லிமிட்ட (ஸ்விட்ச் பட்டதும் மெஷின நிறுத்துறது) தற்காலிகமா ஆஃப் பண்ணிக்கோங்க, இல்லன்னா விரல் பட்டதும் அலாரம் வந்து எல்லாம் லாக் ஆயிடும். அப்புறம் கன்சோல்ல (கமாண்ட் அடிக்கிற இடம்) கேள்விக்குறி மட்டும் அனுப்புங்க, ஸ்டேட்டஸ் வரி வரும். எக்ஸ் ஸ்விட்ச்ச விரலால அமுக்கிட்டே திரும்ப அனுப்புங்க, இப்ப அந்த வரியில 'பிஎன்'னு (Pn) வந்து பக்கத்துல எக்ஸ் காட்டணும், விட்டதும் மறையணும். அமுக்காமலே காட்டி, அமுக்கினா மறைஞ்சா ஸ்விட்ச் நல்லா தான் இருக்கு, $5 தான் தலைகீழா இருக்கு. நார்மலி ஓப்பன் (அமுக்கினா தான் இணையும்) வயரிங்னா $5=0, நார்மலி குளோஸ்டுன்னா (அமுக்கினா பிரியும்) $5=1. என்ன அமுக்கினாலும் ஒண்ணுமே மாறலன்னா பவர ஆஃப் பண்ணிட்டு மல்டிமீட்டர பீப் மோடுல வெச்சு போர்டு பக்கத்து முனையில இருந்தே செக் பண்ணுங்க, ஸ்விட்ச் பக்கத்துல பீப் அடிச்சு போர்டு பக்கத்துல அடிக்கலன்னா நடுவுல வயரோ கனெக்டரோ போயிருக்கு.

ஆர்டுயினோ ஊனோ மேல சிஎன்சி ஷீல்டு வி3 (மோட்டார் வயர் எல்லாம் குத்துற மேல் போர்டு) வெச்சிருக்கவங்களுக்கு ஒரு தனி தலைவலி இருக்கு. போர்டுல இசட் லிமிட்னு எழுதியிருக்க பின் டி11-க்கு போகுது, ஆனா ஜிஆர்பிஎல்-ல ஸ்பிண்டில் ஸ்பீட் கன்ட்ரோலுக்காக அந்த பின்ன எடுத்துக்கிட்டு இசட் லிமிட்ட டி12-க்கு மாத்திட்டாங்க. அதனால இசட் ஸ்விட்ச் வயர ஷீல்டுல ஸ்பிண்டில் எனேபிள்னு இருக்க இடத்துல குத்தணும். இது தெரியாம நல்ல ஸ்விட்ச்ச கழட்டி புதுசு வாங்கி போட்டு, அதுவும் வேலை செய்யலன்னு ரிட்டர்ன் பண்றவங்க நிறைய பேர்.

ஸ்விட்ச் டெஸ்ட்ல பாஸ் ஆகியும் ஓடும்போது அலாரம் 1 வருதுன்னா அது பெரும்பாலும் நாய்ஸ் (பக்கத்துல இருந்து வயர்ல ஏறுற மின் இரைச்சல்). உறுதி பண்றது ஈஸி. $21=1 திரும்ப போட்டு அதே ஃபைல ஸ்பிண்டில் ஆஃப்ல, பிட் பலகைய தொடாம காத்துல ஓட்டுங்க, முழுசா ஓடிச்சுன்னா ஸ்பிண்டில் ஆன் பண்ணி அதே காத்துல ஓட்டுங்க, இப்ப மட்டும் நின்னா குற்றவாளி ஸ்பிண்டில் மோட்டார் தான். சிப்குள்ள இருக்க புல்-அப் ரெசிஸ்டர் (சிக்னல 5 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கிறது) 20 முதல் 50 கிலோஓம் வரைக்கும், ரொம்ப வீக், நீளமான வயர் ஆன்டெனா மாதிரி எல்லாத்தையும் இழுத்துக்கும். பாக்க அழகா இருக்கணும்னு ஸ்பிண்டில் வயரையும் லிமிட் வயரையும் ஒண்ணா சேத்து கேபிள் டை போட்டிருப்பாங்க, மொதல்ல அத வெட்டி ரெண்டையும் தூரமா கொண்டுபோங்க. அதுக்கே பாதி பேருக்கு சரியாயிடும். ஆகலன்னா ஷீல்டட் வயர் போட்டு அந்த வயர் மேல சுத்தியிருக்க உலோக ஷீல்ட போர்டு பக்கம் மட்டும் கிரவுண்ட் பண்ணுங்க, சிக்னலுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவுல 4.7 கிலோஓம் ரெசிஸ்டர், சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் போர்டு பக்கத்துலயே வையுங்க. நார்மலி குளோஸ்டுக்கு மாறுறதும் நல்லது, சும்மா இருக்கும்போது லைன் கிரவுண்டோட கட்டுண்டு இருக்கும், வயர் அறுந்தா உடனே தெரிஞ்சிடும். ஒரே பின்னுக்கு ரெண்டு ஸ்விட்ச்னா நார்மலி குளோஸ்ட சீரிஸ்ல போடணும், நார்மலி ஓப்பன பேரலல்ல.

$26 டிபவுன்ஸ (ஸ்விட்ச் துள்ளல் அடங்க காத்திருக்கிற நேரம்) ஏத்துங்கன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அது ஹோமிங்குக்கு (ஸ்விட்ச்ச தேடிப்போய் ஆரம்ப இடத்த கண்டுபிடிக்கிறது) மட்டும் தான், ஹார்ட் லிமிட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. $21=0-லயே விட்டுடுங்கன்னு சொல்றவங்களும் இருக்காங்க. அப்படி விட்டா என்னிக்காவது மெஷின் ஓரத்துல முட்டி கடகடன்னு அரைக்கும்போது நீங்க பக்கத்துல இருந்து எமர்ஜென்சிய அமுக்கணும்.

ஹோமிங்ல அலாரம் 9 வந்தா ஸ்விட்ச்ச தேடி கிடைக்கலன்னு அர்த்தம், எதிர்ப்பக்கம் போச்சுன்னா $23 (தேடுற திசை), சரியான பக்கம் போய் பாதி வழியில நின்னுட்டா $130 முதல் $132 வரைக்கும் இருக்க டிராவல் அளவ பாருங்க. அலாரம் 8 வந்தா பின்வாங்கியும் ஸ்விட்ச் விடல, $27-ஐ (பின்வாங்குற தூரம்) 1-ல இருந்து 3 மில்லிமீட்டராக்கி பாருங்க. அலாரம் 1 வந்தப்புறம் ரீசெட் பண்ணி $எக்ஸ் ($X) அடிச்சு லாக்க எடுத்துட்டு அப்படியே கட்டிங்க தொடராதீங்க, திடீர்னு நின்னதுல ஸ்டெப் (மோட்டார் எடுக்கிற சின்ன அடி) தவறிப் போயிருக்கும், திரும்ப ஹோம் பண்ணிட்டு தான் ஓட்டணும்.

இப்ப கெட்டுப்போன கட்டிங். ஒண்ணையும் கழட்டாதீங்க, பலகை அப்படியே இருக்கட்டும், இசட்ட மேல தூக்கிட்டு எக்ஸ் 0 ஒய் 0-க்கு போக சொல்லுங்க. பிட் முனை நீங்க மொதல்ல வெச்ச புள்ளிக்கு நேரா வந்தா மோட்டார், டிரைவர் (மோட்டாருக்கு கரன்ட் கொடுக்கிற சிப்) பக்கம் கோளாறு இல்ல, பலகை நகர்ந்திருக்கு இல்ல ஃபைல் தப்பு. புள்ளி தள்ளிப்போயிருந்தா எந்த ஆக்சிஸ்ல தள்ளியிருக்கோ அத மட்டும் பாருங்க. அந்த மோட்டார் ஷாஃப்ட், கப்லிங் (ஷாஃப்ட்டையும் ஸ்க்ரூவையும் இணைக்கிறது), லீட் ஸ்க்ரூ மூணு மேலயும் சேத்து மார்க்கர்ல ஒரே கோடு போடுங்க. ஓட்டி முடிச்சப்புறம் கோடு ஒடஞ்சு நின்னா கப்லிங் குட்டி ஸ்க்ரூ லூஸ், ஆலன் கீ போட்டு இறுக்கினா முடிஞ்சுது. கோடு அப்படியே இருந்தும் இடம் மாறியிருந்தா ஸ்டெப் தான் தவறிப் போகுது, ஆக்சிலரேஷன் $120, $121, $122-ஐ பாதியாக்குங்க, டிரைவர் சூடா இருக்கான்னு பாருங்க, ஒரு பாஸ்ல எறங்குற ஆழத்த குறைங்க. மரத்துல 3 மில்லிமீட்டர் பிட்டுக்கு 3018 ஒரு தடவைக்கு 0.5-ல இருந்து 1 மில்லிமீட்டர் தாங்கும், அதுக்கு மேல ஆசப்படாதீங்க.

வட்டம் வெட்டினா நாலு பக்கமும் லேசா தட்டையா வருதா, லீட் ஸ்க்ரூ நட்டுல ஆட்டம் இருக்கு. போகப்போக ஆழம் கூடுதா, கொலட்ல (பிட்ட கவ்விப் பிடிக்கிறது) இருந்து பிட் கீழ எறங்குது, இஆர்11 வகையில கொலட்ட மொதல்ல நட்டுக்குள்ள 'டிக்'னு உக்கார வெச்சுட்டு தான் பிட்ட சொருகணும். 100 மில்லிமீட்டர் சொல்லி 98 வருதுன்னா $100-ல (ஒரு மில்லிமீட்டருக்கு எத்தன ஸ்டெப்) இருக்க 800-ஐ திருத்த போகாதீங்க. மோட்டார் 200 ஸ்டெப், 16 மைக்ரோஸ்டெப், ஸ்க்ரூ ஒரு சுத்துக்கு 4 மில்லிமீட்டர், கணக்கு 800 தான், 2 மில்லிமீட்டர் வேற எங்கயோ தொலையுது. எல்லாமே குட்டியூண்டா இல்ல பிரம்மாண்டமா வந்தா அது 25.4 மடங்கு கோளாறு, ஃபைல் ஆரம்பத்துல ஜி21 (மில்லிமீட்டர்) இருக்கான்னு பாருங்க, ஜி20-ன்னா இன்ச்.

அலாரமே இல்லாம ஃபைல் நடுவுல கனெக்ஷன் போனா லேப்டாப் ஸ்லீப்ப ஆஃப் பண்ணுங்க, ஃபெரைட் (இரைச்சல அடக்குற உருளை) உள்ள குட்டையான யூஎஸ்பி கேபிள் போடுங்க. எர்ரர் 20 வந்தா ஃபைல்ல எம்6 (பிட்ட மாத்த சொல்றது) மாதிரி ஜிஆர்பிஎல்-லுக்கு புரியாத வரி இருக்கு, கேம் (CAM) சாஃப்ட்வேர்ல, அதாவது டிசைன வெட்டுற ஃபைலா மாத்துறதுல, போஸ்ட் பிராசசர ஜிஆர்பிஎல்-னு மாத்தி திரும்ப எடுங்க.

அக்ரிலிக் உருகி பிட்டுல ஒட்டுச்சுன்னா மெதுவா ஓட்டினா சரியாகும்னு நெனைப்பாங்க, இன்னும் மோசமாகும், ஒரே இடத்துல தேச்சு தேச்சு தான் அது சூடாகுது. சிங்கிள் ஃப்ளூட் (ஒரே வெட்டு விளிம்பு) பிட் போட்டு ஃபீட (நகருற வேகத்த) ஏத்துங்க இல்ல ஆர்பிஎம்ம குறைங்க.