பட்டாளத்தில் யாரை எப்படிக் கூப்பிடுவது?

சென்னையில் நமக்கு எல்லோரும் சார்தான். பஸ் கண்டக்டரும் சார், பேங்க் மேனேஜரும் சார். ராணுவத்தில் அந்தச் சொல் அப்படிப் பொதுவாகப் புழங்காது. பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோர், என்சிசி மாணவர்கள், பட்டாளத்து வீட்டில் சம்பந்தம் செய்தவர்கள் எல்லோருக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் அப்பா சுபேதாராக ஓய்வு பெற்றவர். தரைப்படையில் இருந்தே தொடங்கலாம்.

முதலில் சட்டைக் கையைப் பாருங்கள். 'வி' வடிவப் பட்டை ஒன்று இருந்தால் லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். எதுவும் இல்லையென்றால் சிப்பாய். அதிகாரிகள் இவர்களைப் பதவியும் பேரும் சேர்த்துக் கூப்பிடுவார்கள். பயிற்சி கொடுக்கும் ஹவில்தாரை மட்டும் அகாடமியில் கேடட்டுகள், அதாவது பயிற்சி மாணவர்கள், 'உஸ்தாத்' என்பார்கள்.

அடுத்து தோள். இங்கேதான் பலரும் தடுமாறுவது. இரண்டு நட்சத்திரம் மட்டும் இருந்தால் லெஃப்டினன்ட். அதே இரண்டோடு சிவப்பும் மஞ்சளும் கலந்த குறுக்குப் பட்டி இருந்தால் சுபேதார். பட்டியோடு ஒரு நட்சத்திரம் என்றால் நாயப் சுபேதார், சிங்க முத்திரை என்றால் சுபேதார் மேஜர். இந்த மூவரும் ஜேசிஓக்கள், அதாவது ஜூனியர் கமிஷன்டு ஆபீசர்கள்; ஹவில்தாருக்கு மேலே, லெஃப்டினன்ட்டுக்குக் கீழே. சிப்பாயாகச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் உழைத்து இந்த இடத்துக்கு வந்தவர்கள்தான் அதிகம்.

இவர்களைக் கூப்பிடும் சொல் 'சாப்'. சிப்பாயும் சாப் என்பார், கர்னலும் சாப் என்பார். நேற்று நட்சத்திரம் குத்திக்கொண்ட லெஃப்டினன்ட்டுக்கு, அவர் அப்பா வயதுள்ள சுபேதார் சல்யூட் அடிப்பார். அந்தப் பையன் பதில் சல்யூட் வைத்து, "சொல்லுங்க சாப்" என்பான். உத்தரவு போடும் அதிகாரம் பையனிடம், அனுபவம் பெரியவரிடம். இரண்டுக்கும் மரியாதை கொடுக்கிற அந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

சரி, அதிகாரிகளுக்கு வருவோம். மூன்று நட்சத்திரம் கேப்டன், சிங்க முத்திரை மட்டும் என்றால் மேஜர். மூத்தவரை இளையவர் 'சார்' என்பார், பெண் அதிகாரி என்றால் 'மேம்'. மூத்தவர் இளைய அதிகாரியைப் பேர் சொல்லியே கூப்பிடலாம். லெஃப்டினன்ட் கர்னலைப் பேச்சில் 'கர்னல்' என்றும், மேஜர் ஜெனரலை 'ஜெனரல்' என்றும் சொல்வது வழக்கம்.

கடற்படைக்காரர் யாராவது கேப்டன் என்றால் தரைப்படைக் கேப்டன் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் கர்னலுக்குச் சமம். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் குரூப் கேப்டனைப் பார்த்தாலும் அதே கணக்குதான்.

நாம் சிவிலியன்கள் சல்யூட் அடிக்க வேண்டியதில்லை. 'ஜெய் ஹிந்த்' சொன்னால் போதும். அப்புறம், ஓய்வு பெற்றவர் என்பதற்காகப் பதவிப் பேரை விட்டுவிடாதீர்கள். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அப்பா வெறும் சார். போன தீபாவளிக்கு அவருடைய பழைய கமாண்டிங் ஆபீசர் போன் செய்து, "சுபேதார் சாப், எப்படி இருக்கீங்க?" என்றார். முழங்கால் வலியோடு ஈஸிசேரில் சாய்ந்திருந்த அப்பா எழுந்து நின்றுதான் பதில் சொன்னார்.