மூன்று மாதக் காலணி, மூன்று வருடத் தவணை

பிள்ளைக்குச் செய்யும் செலவில் கணக்குப் பார்க்கக் கூடாது என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சின் பலத்தைப் பெற்றோரைவிடக் கடைக்காரர்களும் முகவர்களும் நன்றாக அறிந்துவைத்திருக்கிறார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு விலையும் தெரியாது, நிறுவனத்தின் பெயரும் தெரியாது என்பதால், அதன் பெயரில் நடக்கும் பெருஞ்செலவுகளைப் பெற்றோரின் அச்சமோ உறவினரின் பார்வையோதான் தீர்மானிக்கிறது. தவறுகள் நேரும் இடங்களும் இவையே.

முதல் தவறு குழந்தை பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வளைகாப்பு முடிந்த கையோடு, தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்துவைத்தால் பிற்காலத்தில் பிள்ளையின் உயிரைக் காக்கும் என்று சொல்லிக்கொண்டு தனியார் சேமிப்பு வங்கியின் முகவர் வருகிறார். கட்டணம் பல ஆயிரங்களில் இருக்கும், தவணை வசதியும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், குழந்தையின் சொந்தப் பயன்பாட்டுக்காக இவ்வாறு சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று தெளிவாகவே கூறுகின்றன. தலசீமியா போன்ற மரபுவழி இரத்த நோய் குழந்தைக்கு வருமானால், அதே குறை அந்தச் சேமித்த இரத்தத்திலும் இருக்கும். ஆகவே அதைக் கொண்டு அதே குழந்தையைக் குணப்படுத்த இயலாது. வீட்டில் மூத்த குழந்தைக்கு ஏற்கெனவே அத்தகைய நோய் இருந்து, மருத்துவரே பரிந்துரைத்தால் மட்டும், அந்த மூத்த குழந்தையின் சிகிச்சைக்காக இதைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்தது அளவு பற்றிய தவறு. பிறக்கும்போது ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை முதல் ஆண்டு முடிவில் 75 சென்டிமீட்டரை எட்டுகிறது. எடை மூன்று மடங்காகிறது. 2,000 ரூபாய்க்கு வாங்கும் காலணி மூன்று மாதத்தில் சிறுத்துப்போகும். நடை பழகும் பருவத்தில் வீட்டுக்குள் வெறுங்காலே போதுமானது என்பதால், அதைத் தினமும் அணிந்திருக்கவும் போவதில்லை. பட்டுப் பாவாடையும் சரிகைச் சட்டையும் இரண்டு விசேஷங்களைத் தாண்டுவதில்லை. நகை விஷயம் இன்னும் நுட்பமானது. தங்கம் முதலீடுதானே என்று சொல்லித்தான் குழந்தைக்குக் காப்பும் மோதிரமும் வாங்குகிறோம்; ஆனால் அவை ஓர் ஆண்டுக்குள் இறுகிவிட, மாற்றப்போகும் ஒவ்வொரு முறையும் செய்கூலி, சேதாரம், சரக்கு மற்றும் சேவை வரி ஆகியவற்றுக்குக் கொடுத்த பணம் திரும்புவதே இல்லை. சேமிப்புதான் நோக்கமென்றால் தங்க நாணயமாக வாங்கலாம். குழந்தையின் கையில் கிடந்து தேய வேண்டிய அவசியமும் அதற்கில்லை.

இவை எல்லாவற்றையும் விஞ்சி நிற்பது முதல் பிறந்தநாள். மண்டபம், பலூன் அலங்காரம், மூன்றடுக்குக் கேக், இருநூறு பேருக்குச் சாப்பாடு, ஒளிப்பதிவாளர் என்று ஒன்றரை லட்ச ரூபாயைத் தொடுவது இன்று நடுத்தரக் குடும்பங்களில் அரிதன்று. இந்தத் தொகையை 14 சதவீத வட்டிக்குத் தனிநபர் கடனாக எடுத்து மூன்று ஆண்டுகளில் அடைப்பதானால், மாதத் தவணை சுமார் 5,127 ரூபாய். மொத்தத்தில் வட்டியாக மட்டும் 34,500 ரூபாய்க்கு மேல் போகிறது. குழந்தை எல்.கே.ஜி.யில் சேரும் நாள் வரைக்கும் அந்தக் கேக்குக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்போம். விழாவின் நாயகனோ, கூட்டத்தையும் பாட்டுச் சத்தத்தையும் கண்டு பாதி நேரம் அழுது, கேக் வெட்டும் முன்பே தூங்கியிருக்கும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. யாரும் அதை வாய்விட்டுப் பேசுவதில்லை. விழா பெரிதாகப் பெரிதாகத் தாய்மாமன் கொண்டுவர வேண்டிய சீரும் பெரிதாகிறது. காதுகுத்துக்கு ஐந்து தட்டு வந்த இடத்தில் இருபத்தொரு தட்டு எதிர்பார்க்கப்படுகிறது; மைத்துனர் வட்டிக்கு வாங்கியாவது செய்துவிட்டுப் போகிறார். நம் கையிருப்பிலிருந்தே செலவு செய்கிறோம் என்று பெருமைப்படுகிறவர்கள்கூட, அந்த மண்டபத்தைப் பிடித்ததன் மூலம் இன்னொரு வீட்டைக் கடனில் தள்ளியிருக்கக் கூடும். குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைத்து நெருங்கிய சொந்தங்களுடன் முடித்துக்கொள்கிற குடும்பங்கள் எதையும் இழந்துவிடவில்லை.

பயனற்றவை ஒருபுறமிருக்க, தீங்கு செய்பவற்றையும் காசு கொடுத்து வாங்குகிறோம். சக்கரம் வைத்த வட்ட வாக்கர் நடையை விரைவுபடுத்துவதில்லை. தவழ்ந்தும் பிடித்து நின்றும் பழக வேண்டிய நேரத்தை அது பறிப்பதோடு, குழந்தையை நொடியில் மாடிப்படிக்கும் அடுப்புக்கும் கொண்டுபோய்விடுகிறது. இக்காரணங்களால் கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது. நம் மர நடைவண்டி வேறு. அதில் குழந்தை தன் காலில் நின்று தானே தள்ளுகிறது. திரைக் கருவிகளும் இப்படித்தான்: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாமென்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தை மீறக் கூடாதென்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியிருக்க, அறிவு வளரும் என்ற பெயரில் டேப்லெட் பரிசளிக்கப்படுகிறது. சத்துபானம் என்று வாங்கும் மாவுகளின் டப்பாவில் சர்க்கரை அளவைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தில் ஆரோக்கிய பானம் என்றொரு வகையே இல்லை என்பதைக் காட்டி, இணைய அங்காடிகளில் அந்தத் தலைப்பிலிருந்து இவற்றை நீக்குமாறு 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் கூறியது.

இறுதியாக, எதிர்காலத்தின் பெயரால் நேரும் தவறு. குழந்தையின் படிப்புக்கு என்று விற்கப்படும் காப்பீடு கலந்த முதலீட்டுத் திட்டங்களில் காப்புத் தொகையும் குறைவு, ஆரம்ப ஆண்டுகளின் பிடித்தங்களும் பல திட்டங்களில் அதிகம். சம்பாதிப்பவர் பெயரில் ஒரு டேர்ம் காப்பீடும் (குறித்த காலத்துக்குள் அவர் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குத் தொகை தரும் காப்பீடு), குழந்தையின் பெயரில் தனியே ஒரு சேமிப்பும் என்று பிரித்துக்கொள்வதே பொருத்தம். பெண் குழந்தைக்கு 2015-இல் தொடங்கப்பட்ட செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. பத்து வயதுக்குள் கணக்குத் தொடங்கி, ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் முதல் அதிகபட்சம் ஒன்றரை லட்சம் வரை 15 ஆண்டுகள் செலுத்தலாம், 21 ஆண்டுகளில் முதிர்வடையும். ஆண் குழந்தைக்குப் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு உண்டு. தமிழக அஞ்சலகங்களில் பொன்மகன் என்ற பெயரைச் சொன்னாலே புரிந்துகொள்வார்கள். இரண்டுக்கும் எடுத்துச்செல்ல வேண்டியவற்றில் முக்கியமானவை குழந்தையின் பிறப்புச் சான்றிதழும், பெற்றோரின் ஆதார், பான் அட்டைகளும்தான்.