கொலோசெயர் நிருபம்: எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

வியாழக்கிழமை வேதபாடத்துக்குக் கொலோசெயரை, அதாவது கொலோசே ஊர்ச் சபைக்கு எழுதப்பட்ட புதிய ஏற்பாட்டுக் கடிதத்தை, எடுத்தால் நான் முதல் வசனத்தில் தொடங்குவதில்லை. நேரே 2:16-23க்குப் போங்கள். அந்தச் சபையைக் குழப்பிய எதிராளிகள் என்ன சொன்னார்கள் என்பது அந்த மறுப்புக்குள்தான் ஒளிந்திருக்கிறது. பென்சிலால் கோடு போடுங்கள்: போஜனம், மாதப்பிறப்பு, ஓய்வுநாள், தேவதூதர்களுக்கு ஆராதனை, ‘தொடாதே, ருசிபாராதே’. யூத வழக்கமும், கொலோசே இருந்த பிரிகியா மண்ணின் நம்பிக்கையும் ஒரே சட்டியில் வெந்ததுபோல எனக்குப் படுகிறது.

அப்புறம் 2:8. நம் பழைய வேதாகமத்தில் ‘உலகவழிபாடுகள்’ என்று இருப்பது கிரேக்கத்தில் ‘ஸ்டொய்கேயா’. நீர், நெருப்பு போன்ற மூலப்பொருள்கள், அண்டத்தை ஆளும் ஆவிகள், வெறும் அரிச்சுவடி என்று மூன்று விதமாக அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். நான் ஆவிகள் பக்கம். காரணம் 2:15. அங்கே துரைத்தனங்களை, அதாவது ஆளும் சக்திகளை, உரிந்து காட்சியாக்குவது, தோற்றவர்களை இழுத்துவரும் ரோமத் தளபதியின் வெற்றி ஊர்வலம் போன்றது. அரிச்சுவடியை யாராவது சங்கிலியில் கட்டி இழுப்பார்களா?

சரி, இப்போது 1:16க்குத் திரும்புங்கள். அந்தச் சக்திகள் பொய் என்று நிருபம் சொல்லவில்லை. அவையும் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டவை என்கிறது.

கடிதத்தோடு விஷயம் ஓயவில்லை. கொலோசேக்குப் பக்கத்து ஊரான லவோதிக்கேயாவில் 4ஆம் நூற்றாண்டில் கூடிய திருச்சபைச் சங்கம், தன் 35ஆம் விதியில் தேவதூதர்களைக் கூப்பிட்டு வேண்டுவதைத் தடைசெய்ய வேண்டியிருந்தது.