மழை நாளில் ரைஃபிள்: தாளில் ஓட்டையை எண்ணுங்கள்

ஐப்பசி பிறந்ததும் எங்கள் ரைஃபிள் கிளப்புக்கு வரும் புதியவர்கள் தவறாமல் கேட்பார்கள்: "ஈரக் காற்றில் குண்டு தாழ்ந்து போகுமா, சார்?" போகாது. நீராவி காற்றைவிட இலேசானது. ஈரக் காற்றின் அடர்த்தி உலர்ந்த காற்றைவிட ஒரு துளி குறைவே. 50 மீட்டரில் அந்த வித்தியாசம் தாளில் தெரியாது. குறி தவறினால் வீசுகிற காற்றையும் மங்கிய வெளிச்சத்தையும், பின்சைட் துளையில் (கண்ணருகே குறி பார்க்கும் துளை) உட்கார்ந்திருக்கும் ஒரு சொட்டு நீரையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

என் பயம் வேறு. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்த நான் கடைசி சில வருடங்கள் என்.சி.சி. மாணவர்களுக்குச் சுடப் பழக்கினேன். ஒரு நவம்பர் காலை, .22 ரைஃபிள் (எண் அங்குலத்தில் குழலின் விட்டம்), 25 மீட்டர், ஆளுக்கு ஐந்து தோட்டா. தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. எல்லோர் காதிலும் காதுமூடி. ஒரு மாணவி நான்காவதைச் சுட்டாள், போல்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் உருளை) இழுத்தாள், காலிக் கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) வழக்கம்போல் வெளியே விழுந்தது. ஐந்தாவதை எடுக்கிறாள். தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தாளில் மூன்று ஓட்டைகள்தான் தெரிந்தன. "ஸ்டாப்!" என்று கத்தினேன். போல்டைக் கழற்றிப் பின்பக்கமிருந்து பார்த்தால் குழல் இருட்டு. துடைக்கும் தடி பாதி வழியில் முட்டி நின்றது. முந்தின நாள் பிரித்த பாக்கெட்டை யாரோ ஒழுகும் ஜன்னலடியில் வைத்திருந்தார்கள். ஈரம் ஏறிய வெடிமருந்து சரியாக எரியவில்லை. ப்ரைமரின், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் தீப்பொறிக் கலவையின், உந்துதல் மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளிவிட்டு ஓய்ந்துவிட்டது. அதன் பின்னால் இன்னொரு குண்டு போயிருந்தால் குழல் வீங்கியிருக்கும், அல்லது அவள் முகத்தருகே வெடித்திருக்கும்.

மற்ற நாளில் இதைக் காது காட்டிக்கொடுக்கும்: 'டப்' என்பதற்குப் பதில் 'புஸ்'. கூரை அதிரும் மழையில் காதை நம்ப முடியாது. .22 தோளிலும் உதைக்காது. ஆகவே ஒரு சுடு, ஒரு ஓட்டை என்று எண்ணிக்கொண்டே போங்கள். ஓட்டை குறைந்தால் துப்பாக்கியைக் காலி செய்து, போல்டைக் கழற்றி, குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். நீங்கள் குறி தவறியிருந்தால் கொஞ்சம் வெட்கம், அவ்வளவுதான்.

ராணுவத் தோட்டாக்களில் ப்ரைமரைச் சுற்றியும் கேஸின் வாயிலும் நீர் புகாத பூச்சு இருக்கும். .22-க்கு அந்தச் சௌகரியம் இல்லை. குண்டின் மேல் தடவிய மெழுகும் அதைப் பிடித்திருக்கும் கேஸ் வாயின் இறுக்கமும்தான் காவல். ரப்பர் வளையம் வைத்த டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஏ.சி. காரிலிருந்து இறங்கியவுடன் டப்பாவைத் திறக்காதீர்கள். சில்லென்ற தோட்டாவில் வெளிக்காற்றுப் பட்டால் ஐஸ் தண்ணீர் டம்ளர்போல வேர்க்கும். அரை மணி நேரம் மூடியபடியே இருக்கட்டும். நனைந்து ஊறிய தோட்டாவை அடுப்பருகே காயவைக்கும் மேதைகளைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். துருநீக்கும் எண்ணெயும் தெளிக்காதீர்கள். அது ப்ரைமருக்குள் ஊறிக் கெடுத்துவிடும்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? முனை இலக்கை நோக்கியே இருக்க, போல்டைத் திறக்காமல் முப்பது வினாடி எண்ணுங்கள்; சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கும். பிறகு முகத்தை விலக்கித் திறங்கள். வெடிக்காததைத் தனி டப்பாவில் போட்டு, கணக்கில் ஏற்றி, கிளப்பிடம் ஒப்படைக்க வேண்டும். குப்பையில் போடக் கூடாது.

குழலுக்குள் மழைநீர் போயிருந்தால் சுடவே கூடாது. இளநீர் ஸ்ட்ராவின் மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்கினால் நீர் விழாமல் நிற்குமே, .22 குழலிலும் அப்படித்தான் நிற்கும். காலி என்று உறுதி செய்துகொண்டு, முனையைக் கீழே சாய்த்து, போல்டைத் திறந்து காற்று விடுங்கள்; பிறகு உலர்ந்த துணி. தோட்டாவையும் அது உட்காரும் சேம்பரையும் சேர்த்துத் துடையுங்கள். சுடும்போது கேஸ் விரிந்து சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்ளும்; இடையில் நீரோ எண்ணெயோ இருந்தால் பிடி நழுவி, அழுத்தம் போல்டின் மேல் கூடுதலாக இறங்கும். பழைய .303 லீ என்ஃபீல்ட் ரைஃபிளில் போல்டின் பூட்டு பின்னால் இருப்பதால் இது இன்னும் முக்கியம்.

இலக்குக்குப் பின்னால் குண்டைத் தடுக்கும் மண்மேட்டுக்கு முன்னால் குளம்போல் நீர் தேங்கியிருந்தால் அன்றைக்குச் சுட வேண்டாம். தாழ்வாகப் போகும் ஈயக் குண்டு, சிறுவர்கள் எறியும் ஓட்டாஞ்சில்லைப் போல நீரில் பட்டுத் தெறித்து எங்கோ போகும்; .22 குண்டு ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் பாயக்கூடியது. இடி கேட்டால் துப்பாக்கியைக் காலி செய்து உள்ளே வந்துவிடுங்கள்.

கடைசியாகத் துடைப்பது. புனே அருகே கிர்க்கி தோட்டா ஆலையின் பழைய .303 தோட்டாக்களைச் சுட்டால், ப்ரைமரிலிருந்து ஓர் உப்பு குழலில் படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்து ஓரிரவில் துரு பிடிக்க வைத்துவிடும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, நீர்தான் கரைக்கும். கொதிக்கும் வெந்நீரைப் புனல் வைத்துச் சேம்பர் பக்கமிருந்து ஊற்றி, புல்த்ரூவில் (குழலுக்குள் விட்டு இழுக்கும் கயிறு) உலர்ந்த சிந்தி, அதாவது துடைக்கும் துண்டுத் துணி, கட்டி இழுத்து, அதன் பிறகே எண்ணெய் போடுவோம். இன்றைய .22-இல் அந்த உப்பு இல்லை. உலரத் துடைத்து எண்ணெய் போட்டால் போதும். எதுவானாலும் மறுநாள் காலை ஒரு வெள்ளைச் சிந்தியை விட்டுப் பாருங்கள். செம்பழுப்பாக வந்தால், நேற்று அவசரப்பட்டிருக்கிறீர்கள். மறுபடியும் முதலிலிருந்து துடையுங்கள்.