மணல் பெட்டியில் பாறை அடுக்கை உடைத்துப் பார்ப்பது எப்படி?

பாறை அடுக்கு உடைந்து, உடைந்த இடத்தில் நகர்வதுதான் பிளவுப்பெயர்ச்சி. ஒரே தள்ளலில் அதன் இரண்டு வகையையும் பார்த்துவிடலாம். 30 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதன் அகலத்துக்குச் சரியாக வெட்டிய பலகை, சலித்த நைஸ் ஆற்றுமணல் இரண்டரை கிலோ, கலர் கோலப்பொடி. எம்-சாண்ட் வேண்டாம், அதிலுள்ள தூள் கண்ணாடியில் படிந்து அடுக்கை மறைத்துவிடும்.

மணலைக் கைப்பிடியில் இறுக்கித் திறவுங்கள். கொழுக்கட்டைபோல் நின்றால் ஈரம் இருக்கிறது. வாணலியில் வறுத்து ஆறவிடுங்கள். பெரும்பாலும் செய்முறை கெடுவது இங்கேதான்: ஈர மணல் வழுக்காது, சுவர்போல் நின்று வெடிக்கும்.

இடது ஓரத்திலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பலகையை நிறுத்துங்கள். 1 செ.மீ. மணல், அதன்மேல் கண்ணாடி ஓரமாக மட்டும் மெல்லிய கோலப்பொடிக் கோடு. இப்படி ஐந்து அடுக்கு. இருபக்கமும் மாற்றி மாற்றிக் கொட்டுங்கள், இல்லாவிட்டால் பலகை சாயும்.

இனி பலகையை வலப்பக்கம் 5 மி.மீ. 5 மி.மீ. ஆகத் தள்ளுங்கள். பலகையின் அடிப்பகுதி பின்தங்கக் கூடாது. இரு கையாலும் அழுத்திப் பிடித்து நிமிர்ந்தபடியே நகர்த்துங்கள்.

முதலில் இடப்பக்கம் சரியும். பிளவுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் மணல் கீழே இறங்கும்: இது இயல்புப் பிளவு, இழுவிசையில் வருவது. வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளியபிறகே உடையும். அங்கே மேலே இருப்பது மேலேயே ஏறும்: எதிர்ப்பிளவு, அழுத்தத்தில் வருவது. பிளவு கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பாகைமானி வைத்துப் பாருங்கள். இடப்பக்கம் 60 பாகையை ஒட்டியும் வலப்பக்கம் 30 பாகையை ஒட்டியும் இருக்கும். உலர்ந்த மணலின் உராய்வுக் கோணம் (குவித்த மணல் சரியாமல் நிற்கும் சாய்வு என்று வைத்துக்கொள்ளலாம்) ஏறக்குறைய 30. அதில் பாதியை 45-உடன் கூட்டினால் 60, கழித்தால் 30.

வலப்பக்கம் பிளவே தெரியவில்லை என்பவர்கள் நீளத்தைச் சரிபாருங்கள். 5 செ.மீ. கன மணலில் 30 பாகையில் ஏறும் பிளவு பலகைக்குச் சுமார் 9 செ.மீ. முன்னால்தான் வெளிவரும். குட்டைப் பெட்டியில் அதற்குள் சுவர் வந்துவிடும்.

மேற்பரப்பு உப்பியிருக்க, அடி அடுக்கு மட்டும் உடைந்திருக்கும் தருணத்தைப் படம் எடுத்துவிடுங்கள். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ்ஜை உலுக்கிய நிலநடுக்கத்துக்குக் காரணமும் இப்படி மேற்பரப்பை எட்டாத எதிர்ப்பிளவுதான்.

ஆனால் மணல் நழுவுவது நிலநடுக்கம் ஆகாது. அதற்கு உப்புத்தாள்மேல் ஒரு செங்கல்லை வைத்து, அதில் கட்டிய ரப்பர் பேண்டை மெதுவாக இழுங்கள். ரப்பர் நீளும், கல் அசையாது. சட்டென்று ஒரு குதி. அந்தக் குதிதான் நிலநடுக்கம். 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை ஆராய்ந்த அமெரிக்க அறிவியலாளர் ரீட் சொன்ன மீள்துள்ளல் கொள்கை இதுவே.

பெட்டியைக் கலைத்துவிடாதீர்கள். உடைந்த அடுக்குகளின்மேல் புதிதாக ஓர் அடுக்குக் கொட்டி, மேலும் 1 செ.மீ. தள்ளுங்கள். பழைய அடுக்குகள் அதிகம் விலகியிருக்கும், புதியது கொஞ்சமே. பிளவின் ஒரு நகர்வு வெட்டிய அடுக்கு அந்த நகர்வைவிட மூத்தது. வெட்டுப்படாமல் மூடிக்கிடப்பது இளையது. பிளவின் குறுக்கே பள்ளம் தோண்டி, பழைய நிலநடுக்கங்கள் எத்தனை என்று எண்ணுவது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான்.